‘நியோனேற்’: 28 நாட்களுக்கு மட்டும் உரிய ஒரு சொல்

பிள்ளை பெற்று, துண்டு வெட்டி வீடு வரும் தாய்மாரிடம் வைத்தியசாலை சில கடதாசிகளைக் கொடுத்துவிடுகிறது. அவற்றில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் சொற்களுள், எம்மிடம் அடிக்கடி கொண்டுவந்து காட்டப்படும் ஒன்று ‘நியோனேற்’ என்பதாகும். சில வேளைகளில் அது ‘நியோனேற்றல்’ என்றும் எழுதப்பட்டிருக்கும். தறப்பாள் கொட்டிலொன்றில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி எம்மிடம் கேட்டது இது: “சுவாமி, பிள்ளைக்கு நியோனேற் எண்டு எழுதிக் குடுத்திருக்கினம். அது கடும் வருத்தமோ? மாறக்கூடியதோ?”

மாறக்கூடியதுதான். 28 நாளில் தானாகவே மாறிவிடும். ஏனெனில் அது வருத்தத்தின் பெயரன்று, வயதின் பெயர். பிறந்த கணம் தொடக்கம் 28 நாட்கள் நிறையும் வரை, நோயுள்ள பிள்ளையானாலும் நோயற்ற பிள்ளையானாலும், நிறைமாதத்தில் பிறந்ததானாலும் முன்கூட்டிப் பிறந்ததானாலும், ஒவ்வொரு பிள்ளையும் மருத்துவ மொழியில் நியோனேற்தான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளையும் அதுதான். கொட்டில் வீட்டுப் பிள்ளையும் அதுதான்.

சொல்லின் வேர்

இச்சொல் இரண்டு பழைய மொழிகளின் கலப்பு. முற்பகுதியாகிய ‘நியோ’ கிரேக்கம். புதிய என்பது பொருள். பிற்பகுதி இலத்தீன் மொழியின் ‘நாத்துஸ்’. பிறந்தவன், பிறந்தது என்பது பொருள். இரண்டையும் சேர்த்தால் ‘புதிதாய்ப் பிறந்தது’. அவ்வளவுதான். இதற்குள் பயப்பட எதுவுமில்லை.

இலத்தீன் எமக்கு எட்டாத மொழி என்று எவரும் ஒதுங்கத் தேவையில்லை. அந்த ‘நாத்துஸ்’ எமது வீடுகளில் பல தலைமுறைகளாகவே குடியிருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவை நாம் ‘நத்தார்’ என்கிறோம் அல்லவா? அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பிறப்பு சார்ந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ வந்தது. அதிலிருந்து எமது நத்தார் வந்தது. ஆகவே நத்தாரும் நியோனேற்றும் ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள். (வயலில் நாம் பிடுங்கி நடும் நாற்றுக்கும் இந்த ‘நாத்துஸ்’ என்பதற்கும் உறவில்லை. ஓசை மட்டும் ஒத்துப்போகிறது. ஆனால் நாற்றுமேடையைக் காவல் காத்தவர்களுக்கு இனி நாம் சொல்லப்போவது இலகுவில் விளங்கும்.)

தமிழில் இதற்கு நிகரான சொல் இல்லையா என்று கேட்டால், உண்டு. சிசு என்கிறோம், பழைய நூல்களில் குழவி என்றார்கள், சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களில் ‘பச்சிளங் குழந்தை’ என்று எழுதுகிறார்கள். எமது தாய்மாரோ ‘பச்சைப்பிள்ளை’ என்கிறார்கள். எமக்கு இதுவே மிகப் பிடித்தது. பச்சை என்பது இங்கே நிறமன்று. இன்னும் காயாதது, முற்றாதது, கை பட்டால் நோகக்கூடியது என்று பொருள். தாயையும் ‘பச்சை உடம்புக்காரி’ என்று அதே சொல்லால் குறிப்பது எமது மக்களின் கூர்மை. பிள்ளையைத் தனியாகவும் தாயைத் தனியாகவும் பார்க்காமல், இருவரையும் ஒரே பச்சையாகப் பார்த்திருக்கிறார்கள்.

எனினும் இச்சொற்கள் எதற்கும் எல்லைக்கோடு கிடையாது. இரண்டு வயதுப் பிள்ளையையும் ‘அது பச்சைப்பிள்ளை, அதுக்கென்ன தெரியும்’ என்போம். மருத்துவச் சொல்லின் பயன் அங்கேதான் இருக்கிறது. அது வேலி அடைத்த சொல்.

நாட்கணக்கு

மருத்துவக் கணக்கில் பிறந்த நாள் முதலாம் நாளன்று, பூச்சிய நாள். ஒரு முழு நாள் கழிந்த பின்னரே பிள்ளைக்கு ஒரு நாள் வயது. நாமோ பிறந்த நாளையே முதலாம் நாளாக எண்ணுகிறோம். ஆகவே வைத்தியர் ‘எத்தனை நாள்?’ என்று கேட்டு நாம் சொல்லும் விடையில் ஒரு நாள் பிசகுவதுண்டு. நாட்கணக்கைச் சொல்வதிலும், பிறந்த திகதியையும் நேரத்தையும் சொல்வது நல்லது.

28 நாட்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதால் அவற்றையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் 7 நாட்கள் முற்பகுதி. மிகுதி 21 நாட்கள் பிற்பகுதி. 28 நாள் கடந்ததும் அப்பிள்ளை நியோனேற் அல்ல. ஒரு வயது நிறையும்வரை ‘இன்பன்ற்’ எனப்படும். இச்சொல்லும் இலத்தீனிலிருந்து வந்ததே. ‘பேசாதது’ என்பது அதன் மூலப்பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருச்சபைச் சட்டம் இதே சொல்லை 7 வயது நிறையாத பிள்ளைகள் அனைவருக்கும் வழங்குகிறது. வைத்தியசாலையில் ஒரு வயதோடு முடிந்துவிடும் பருவம் கோயிலில் 7 வயதுவரை நீளுகிறது. பேசாதது என்று பெயரிட்டவர்கள் எமது ஆறு வயதுப் பிள்ளைகளின் வாயைக் கேட்டதில்லை போலும்.

எமது ஊர் வழக்கில் 31ஆம் நாள் துடக்குக் கழிக்கிறார்கள். அதுவரை தாயும் பிள்ளையும் வெளியே போவதில்லை. கண்டவரெல்லாம் பிள்ளையைத் தூக்குவதுமில்லை. துடக்கு என்னும் எண்ணத்தோடு எமக்கு உடன்பாடில்லை. பிள்ளை பெற்றவள் தீட்டுப்பட்டவள் அல்லள். ஆயினும், மருத்துவம் வைத்த 28இற்கும் முன்னோர் வைத்த 31இற்கும் இடையே மூன்றே நாட்கள்தான் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை தப்புமா தப்பாதா என்பது ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும் என்பதைப் பிள்ளைகளைப் புதைத்துப் புதைத்தே எமது முன்னோர் அறிந்திருந்தார்கள்.

ஏன் இந்தப் பிரிப்பு?

1935இல், மலேரியா நாட்டை வாட்டிய ஆண்டில், இலங்கையில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் பிள்ளைகளிலும் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அத்தொகை ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. இலவச வைத்தியமும், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதரும், பெண்களின் கல்வியும் செய்த வேலை இது. ஆனால் இன்று இறக்கும் அந்தச் சிலரில் பெரும்பகுதியினர் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறக்கிறார்கள். உலகம் முழுவதிலும் நிலை இதுதான். 2022இல் மட்டும் 23 இலட்சம் பிள்ளைகள் தம் முதல் மாதத்திலேயே இறந்தார்கள். ஐந்து வயதுக்கு முன் இறந்த பிள்ளைகளில் இது ஏறத்தாழச் சரிபாதி. முதல் மாதத்து மரணங்களில் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்தில் நிகழ்கின்றன.

இதனால்தான் இப்பருவத்துக்கெனத் தனி மருத்துவமே எழுந்தது. அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரைச் சேர்ந்த பிள்ளை வைத்தியர் அலெக்சாந்தர் ஷாபர் 1960இல் வெளியிட்ட நூலில் அதற்கு ‘நியோனற்றோலொஜி’ என்று பெயர் சூட்டினார். அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1963 ஓகஸ்டில், அந்நாட்டு ஜனாதிபதி ஜோன் கெனடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். நிறை ஏறத்தாழ 2.1 கிலோ. சுவாசப்பை முற்றாத காரணத்தால் 39 மணித்தியாலங்களில் இறந்தான். உலகத்திலேயே அதிகாரம் கூடிய தகப்பனால் அன்று செய்ய முடியாததை, இன்று எமது பெரியாஸ்பத்திரிகளின் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கான பிரிவுகள் செய்கின்றன. அந்த நிறையில் அந்த மாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இன்று பிழைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் ஆடுகளுக்கும் பங்குண்டு என்பது கமக்காரர்களுக்கு ருசிக்கும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்னும் வைத்தியர் செம்மறிகளில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பிழைக்கவே முடியாத அளவுக்கு முந்திப் பிறந்த குட்டியொன்று மூச்சுவிடுவதைக் கண்டார். பிறக்கும் முன்னரே அக்குட்டிக்குக் கொடுத்த ஸ்ரெறொயிட் மருந்து சுவாசப்பையை முற்றவைத்திருந்தது. அவரும் ஹவி என்னும் வைத்தியரும் அதைத் தாய்மாரில் பரிசோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். மாதம் நிறையுமுன் நோக்காடு கண்ட தாய்க்கு இன்று வைத்தியசாலையில் போடப்படும் ஊசி அதுதான். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். ஆகவே ஏழாம், எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குத்தோ நீர்ப்போக்கோ கண்டால், ‘சூட்டு வலியாக்கும், விடியட்டும்’ என்று இருத்தல் கூடாது. இரவோடிரவாகப் போனால் பிள்ளையின் சுவாசப்பைக்குச் சில மணித்தியாலங்கள் கிடைக்கும்.

சேர்த்துக் குழப்பப்படும் சொற்கள்

‘பிறிமச்சூர்’ என்றால் 37 வாரம் நிறையுமுன் பிறந்தது. ‘லோ பேர்த் வெயிற்’ என்றால் 2500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறந்தது. நிறைமாதப் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம். கர்ப்ப காலத்தில் தாய் சரியாகச் சாப்பிடாத இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. இடம்பெயர்ந்து நிவாரண அரிசியில் வயிறு வளர்த்த காலங்களில் இதை நாம் நிறையவே கண்டோம். இவை இரண்டும் பிள்ளையின் நிலையைச் சொல்லுகின்றன. நியோனேற் என்பது நாளை மட்டும் சொல்லுகிறது. ஒரு பிள்ளை மூன்றுமாகவும் இருக்கலாம்.

அட்டையில் ‘அப்கார்’ என்று எழுதி 8 அல்லது 9 என்று புள்ளி போட்டிருப்பார்கள். வெர்ஜீனியா அப்கார் என்ற பெண் வைத்தியர் 1952இல் வகுத்த முறை அது. பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் பிள்ளையின் நிறம், இதயத்துடிப்பு, அழுகை, தசையின் முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் புள்ளி கொடுப்பார்கள். பத்துக்குப் பத்து எடுக்கவில்லையே என்று கவலைப்பட்ட தகப்பன்மாரும் உண்டு. அது சோதனைப் புள்ளியன்று. பிறந்தவுடன் பெரும்பாலான பிள்ளைகளின் கையும் காலும் சற்று நீலமாக இருக்கும்; அதில் ஒரு புள்ளி குறைவது வழமை.

கொட்டிலுக்குள் 28 நாட்கள்

கல்வீட்டில் செய்யும் பராமரிப்பைத் தறப்பாளுக்குள் செய்வது கடினம். பகலில் அது அடுப்பு. விடியற்காலையில் அது பனி. பச்சைப்பிள்ளையால் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது என்பதே இப்பருவத்தின் முதற் பிரச்சினை. பிள்ளையின் உள்ளங்காலையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. கால் குளிர்ந்து வயிறு வெதுவெதுப்பாக இருந்தால் பிள்ளை குளிரை உணரத் தொடங்கிவிட்டது. இரண்டும் குளிர்ந்திருந்தால் ஆபத்து. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முழுக வார்க்க வேண்டாம் என்பதும் இதனாலேயே.

குளிருக்குத் தணற்சட்டியை அருகில் வைப்பது வழக்கமாக இருக்கிறது. புகை பச்சைச் சுவாசப்பைக்கு நஞ்சு. தறப்பாளுக்குத் தணல் இன்னும் பெரிய ஆபத்து. சாம்பிராணிப் புகையும் வேண்டாம். இதைவிடச் சிறந்த வெப்பம் தாயின் நெஞ்சில் இருக்கிறது. கொலம்பியா நாட்டின் பொகொத்தா நகரில், இன்கியூபேற்றர் போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்திய ஒரு வைத்தியசாலையில், 1978இல் எட்கார் றேய் என்னும் வைத்தியர் நிறை குறைந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றது என்பதால் ‘கங்காரு பராமரிப்பு’ என்று பெயர் வந்தது. ஏழைகளின் மாற்றுவழியாகத் தொடங்கிய அதனை, பிறந்த உடனேயே தொடங்கி நாளொன்றுக்கு 8 தொடக்கம் 24 மணித்தியாலம்வரை செய்யுமாறு 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. தகப்பனும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். ஆனால் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வரும் தகப்பன் முதலில் முழுகி உடுப்பு மாற்றட்டும்.

பாலைப் பற்றிக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பசு கன்று போட்டால் கடும்புப்பாலை முதலில் கன்றுக்கு விடாமல் எவரும் கறப்பதில்லை. கடும்பு குடியாத கன்று தேறாது என்று தெரியும். அப்படியிருந்தும் தாயின் முதற்பாலை, மஞ்சளாக இருக்கிறது, பழம்பால் என்று பீய்ச்சி ஊற்றிவிட்டுப் பிள்ளைக்குச் சீனித்தண்ணி பருக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். கன்றுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா? பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முலை கொடுக்க வேண்டும். தேனும் வேண்டாம், கொத்தமல்லித் தண்ணியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தசைகளையே செயலிழக்கச் செய்யவல்லது. முதற் சில நாட்களில் பிள்ளையின் நிறை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பழைய நிறைக்கு வருவது இயல்பு. அதைக் கண்டு ‘பால் காணாது’ என்று மாப்பால் வாங்க ஓட வேண்டாம்.

தொப்புளில் சாம்பல், எண்ணெய், சாணம் எதுவும் பூச வேண்டாம்; காய விடுங்கள். தொப்புள் வழியாக வரும் ஏற்புவலியால் பிள்ளைகள் மடிந்த காலம் ஒன்றிருந்தது. கர்ப்பிணிகளுக்கு இடப்படும் ஏற்புத் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் எமது நாட்டையும் உள்ளடக்கிய தென்கிழக்காசிய வலயம் முழுவதிலும் அது இல்லாதொழிக்கப்பட்டதென 2016இல் உறுதிசெய்யப்பட்டது. ஊசி நின்றால் அது திரும்பி வரும்.

மஞ்சள் நிறம் பற்றித் தாய்மார் அதிகம் கேட்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் முகத்தில் தோன்றி ஓரிரு வாரத்தில் மறையும் மஞ்சள் பல பிள்ளைகளுக்கு வருவது. ஆனால் பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலோ, அது உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினாலோ, அன்றைக்கே வைத்தியசாலை போக வேண்டும். வெயிலில் பிடித்தால் போதும் என்று இருந்துவிட்டால் மூளை பழுதாகும் நிலை வரலாம். வைத்தியசாலையின் நீல ஒளிச் சிகிச்சைக்கு விடிகாலை வெயில் ஈடாகாது.

பால் குடியாமை, வலிப்பு, நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சிழுத்தல், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிதல், தொட்டாலன்றி அசையாமை, உடல் கொதித்தல் அல்லது குளிர்தல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல்: இவற்றில் ஒன்று கண்டாலும் போதும். பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் பார்க்கலாம். நியோனேற்றுக்குப் பார்க்க நேரமில்லை. வீட்டிலிருக்கும் பனடோல் பாணியைப் பருக்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்க நேர்ந்தால், வருத்தத்தைச் சொல்லுமுன் நாளைச் சொல்லுங்கள்: “பிள்ளை பிறந்து 12 நாள்.” அதைக் கேட்டதும் தாதி எழும்புவார். நியோனேற் என்ற சொல்லின் உண்மையான பயன்பாடு அதுதான்.

முதல் பத்து நாட்களுக்குள் மருத்துவமாது இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பது முறை. இடம் மாறி வந்தவர்கள் தாம் வந்திருக்கும் பகுதியின் மருத்துவமாதுக்கு அறிவிக்காவிடில் அவர் எவ்வாறு வருவார்? பழைய ஊரின் பதிவில் பெயர் இருக்கும். கொட்டிலில் பிள்ளை இருக்கும்.

வாழ்ந்து போன பிள்ளைகள்

இனிச் சொல்வது வேதனையானது. ஆனால் சொல்ல வேண்டியது. பிறந்து சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ இருந்து இறந்த பிள்ளையை ‘செத்துப் பிறந்தது’ என்று சொல்லிப் புதைத்துவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. ஓட்டத்தின் நடுவே, மரத்தடியில், 2009இன் ஆரம்ப மாதங்களில் பதுங்குகுழிகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இது நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணம் வேறு. எத்தனையாவது வாரத்தில் பிறந்ததானாலும், தாயிலிருந்து வெளிவந்த பின் மூச்சோ, இதயத்துடிப்போ, தொப்புட்கொடியின் துடிப்போ, தசையின் அசைவோ காணப்பட்டால் அது உயிருடன் பிறந்த பிள்ளை. அது நியோனேற். அதன் பிறப்பும் பதியப்பட வேண்டும். இறப்பும் பதியப்பட வேண்டும்.

“அதுக்குப் பேர் கூட வைக்கேல்லை, தண்ணி வாக்கேல்லை, அது எங்க போயிருக்கும்?” என்று கேட்கும் தாய்மார் எத்தனையோ பேர். மரண ஆபத்தில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்; குருவைத் தேடி ஓடத் தேவையில்லை. நெற்றியில் தண்ணீர் வார்த்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கும் ஒரு தாதியின் கையும் போதும். அதுவும் கிடையாமற் போன பிள்ளைகளைக் குறித்து, முன்னாளில் ‘லிம்போ’ என்ற இடத்தைச் சொல்லித் தாய்மாரின் நெஞ்சைப் புண்ணாக்கிய போதனை ஒன்றிருந்தது. சர்வதேச இறையியல் ஆணைக்குழு அதை ஆராய்ந்து, ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் மீட்படைவர் என நம்புவதற்குத் தக்க நியாயங்கள் உண்டென 2007இல் வெளியிட்ட ஆவணத்தில் கூறியது. அத்தாய்மாருக்கு நாம் இதையே சொல்லுகிறோம்.

உயிரோடிருக்கும் பிள்ளையின் பதிவை 42 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகி அலைச்சலும் கூடும். வைத்தியசாலைக் கட்டிலில் பிள்ளையின் காலில் கட்டியிருக்கும் துண்டில் தாயின் பெயர் மட்டுமே இருக்கும்; ‘இன்னாரின் பிள்ளை’ என்று. அந்தத் துண்டை அவிழ்த்த பின்னர் பிள்ளைக்குச் சட்டப்படி இருக்கும் ஒரே கடதாசி பிறப்புச் சான்றிதழ்தான். காணி உறுதியையும் குடும்ப அட்டையையும் வழியில் தொலைத்துவிட்டு, தாம் யார் என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்காகக் கச்சேரிப் படி ஏறி இறங்கியவர்கள் எம்மவர்கள். பெற்றோரின் விவாகச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிள்ளை பிறக்கும்வரை காத்திராமல் கர்ப்ப காலத்திலேயே பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அதனோடு கிளினிக் அட்டையையும் ஒரே பொலித்தீன் பையில் இட்டு, கொட்டிலின் ஒழுகாத மூலையில் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.